உலையை அணைக்கலாமா? சியாட்டில் பக்கம் எங்கள் கண்ணாடிப் பட்டறைக்கு யோசனை சொல்லுங்கள்

ரென்டன்வாசி (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கறது ரென்டன்ல. சியாட்டில் ஊருக்குள்ள தென்பக்கமா ஒரு கண்ணாடி ஊதுற பட்டறை இருக்கு. நாலு வருஷமா அங்கே உறுப்பினர். பட்டறை பெயரைச் சொல்லலை, விஷயம் இன்னும் எங்களுக்குள்ளதான் இருக்கு.

நாங்க இருபத்து மூணு பேர். விமானத் தொழிற்சாலையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ராத்திரி டியூட்டி முடிச்சு நேரா வர்ற நர்ஸ், வியட்நாம் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கற அம்மா, ரெண்டு காலேஜ் பசங்க. தமிழ் பேசறவ நான் ஒருத்திதான். உலை ஒண்ணு, பெஞ்ச் ரெண்டு. உலை இருபத்து நாலு மணி நேரமும் எரியும், செலவை எல்லாரும் பங்கு போட்டுக்குவோம்.

போன வாரம் பட்டறை நடத்துறவர் எல்லாருக்கும் கடிதம் கொடுத்தார். எரிவாயுக் கட்டணம் தாங்கலையாம். மூணு வழி சொல்லியிருக்கார். ஒண்ணு, குளிர்காலம் மூணு மாசம் உலையை அணைச்சிடறது. ரெண்டு, உறுப்பினர் பங்கைப் பாதிக்கு மேல ஏத்தறது. மூணு, சின்ன உலைக்கு மாறி ஆட்களைக் குறைச்சுக்கறது. அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்து பேசி முடிவு பண்ணணும்.

எனக்கு மூணுமே பிடிக்கலை. பங்கை ஏத்தினா அந்தக் காலேஜ் பசங்கதான் முதல்ல நின்னுடுவாங்க. உலையை அணைச்சா, அடுப்பு எரியாத வீட்டுக்கு யார் வருவாங்க? இந்த மாதிரி பொதுவா ஒரு பட்டறை நடத்தின அனுபவம், இல்ல உலை பத்தின ஞானம் இருக்கறவங்க சொல்லுங்க. உங்க வார்த்தையை அப்படியே கூட்டத்துக்குக் கொண்டுபோவேன்.

கராஜ்கைவினை
ஞாயிறு, இரவு 10.15

சகோதரி, இவ்வளவு பஞ்சாயத்து எதுக்கு? நான் வீட்டு கராஜ்லயே எரிவாயுச் சுடர் வர்ற டார்ச் வச்சு மணி, பதக்கம், சின்னக் குப்பி எல்லாம் செய்றேன். புரொப்பேன், ஆக்சிஜன், போரோசிலிகேட்னு சூடு தாங்கற கண்ணாடிக் குச்சி, ஆற வைக்க ஒரு சின்ன மின்சாரச் சூளை. புகை வெளியே போக நல்ல விசிறி ஒண்ணு கட்டாயம் வேணும். சுடர்ல சோடியத்தோட மஞ்சள் வெளிச்சம் கண்ணை மறைக்கும், அதுக்கு டிடிமியம்னு ஒரு மூக்குக்கண்ணாடி போட்டுக்கணும். அவ்வளவுதான். ராத்திரி பதினோரு மணிக்கு ஆசை வந்தா பதினோரு மணிக்குச் செய்யலாம். யார்கிட்டயும் நேரம் கேட்டு நிக்க வேண்டாம்.

முதல்முறை
ஞாயிறு, இரவு 10.50

அக்கா, தெரியாமத்தான் கேக்கறேன். வேலை முடிஞ்சதும் உலையை அணைச்சுட்டு, காலையில பத்த வச்சா என்ன? நம்ம வீட்டு அடுப்பு மாதிரி?

பழையமாணவன்
திங்கள், காலை 6.20

தம்பி முதல்முறை கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். முப்பது ஆண்டுகள் இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் கைவேலை செய்தவன்.

உலைக்குள் இருப்பது மூசை. ஊரில் பத்தர் தங்கம் உருக்க வைத்திருக்கும் மூசைதான், ஆனால் நூறு கிலோவுக்கு மேல் கண்ணாடி கொள்ளும். வேலை நேரத்தில் உள்ளே ஏறக்குறைய 1150 டிகிரி செல்சியஸ். புதிதாகக் கண்ணாடி போட்டு உருக்கும்போது அதற்கும் மேலே போகும். மூசை சுட்ட மண். சட்டென்று குளிர்ந்தால் வெடிப்பு விடும். உள்ளே உறைந்த கண்ணாடியும் அதோடு சேர்ந்து இழுக்கும். ஆகவே குறைப்பதும் ஏற்றுவதும் நாள்கணக்கில், படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் மூசையின் ஆயுளைப் பணயம் வைக்கிறோம். பல பட்டறைகள் ஆண்டுக்கு ஒரு முறை கோடையில் மட்டும் அணைத்து, பழுது பார்த்து, மூசை மாற்றிக்கொள்வது இதனால்தான்.

ராத்திரியில் சூட்டைக் கொஞ்சம் இறக்கி வைக்கலாம். அணைப்பது வேறு, இறக்கி வைப்பது வேறு. அம்மா ரென்டன்வாசி, உங்கள் பட்டறையில் இரவுச் சூட்டை இறக்குகிறார்களா? புகைபோக்கியில் வீணாகும் வெப்பத்தைத் திரும்ப எடுத்து, எரியப் போகும் காற்றைச் சூடாக்கும் அமைப்பு இருக்கிறதா? கூட்டத்தில் இதை முதலில் கேளுங்கள்.

ரென்டன்வாசி
திங்கள், மதியம் 12.30

ஐயா, ரொம்ப நன்றி. ராத்திரி இறக்கறாங்க. வெப்பத்தைத் திரும்ப எடுக்கற அமைப்பு இல்லை. எழுதி வச்சுக்கிட்டேன்.

கராஜ்கைவினை, உங்க மணிகளைப் பழைய இழைகள்ல பார்த்திருக்கேன், அருமையா இருக்கும். ஆனா நாங்க செய்றது வேற. ஒரு கூஜா செய்றதை மட்டும் சொல்றேன், கேளுங்க.

ஊதுகுழல் முனையை முதல்ல சூடேத்தணும், குளிர்ந்த இரும்புல கண்ணாடி ஒட்டாது. அப்புறம் உலை வாயைத் திறந்து, மூசைக்குள்ள குழலை விட்டு, பாகுல கரண்டியைச் சுத்தி எடுக்கற மாதிரி சுத்தி எடுக்கணும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினவங்களுக்கு அந்தப் பதம் உடனே பிடிபடும். வெளியே எடுத்த நொடியிலேர்ந்து கை நிக்கவே கூடாது. நின்னா கண்ணாடி ஒரு பக்கமா வழிஞ்சு தொங்கிடும். இரும்பு மேஜைமேல உருட்டி, குழல்ல ஒரு சின்ன ஊது ஊதி, உடனே கட்டைவிரலால அடைக்கணும். பெரிய மூச்செல்லாம் வேண்டாம். அடைச்ச காத்து சூட்டுல தானே விரிஞ்சு, அந்த ஆரஞ்சு உருண்டைக்குள்ள மெதுவா ஒரு குமிழ் முளைக்கும். நாலு வருஷமா பாக்கறேன், அது வர்றப்ப இன்னமும் என் மூச்சு நின்னுடுது.

அதுக்கப்புறம் பெஞ்ச்ல உட்கார்ந்து உருட்டறது நான். ஊதறது இன்னொருத்தர், ஏன்னா குழல் முனை என் வாய்க்கு எட்டாத தூரத்துல இருக்கும். ஆறிப்போறதுக்குள்ள மறுபடி மறுபடி சூட்டடுப்புக்குக் கொண்டுபோகணும், அதோட கதவைத் திறக்க ஒருத்தர். அடிப்பக்கத்தை இன்னொரு கம்பியில ஒட்ட வச்சு வாய்ப்பக்கத்தைக் குழல்லேர்ந்து பிரிக்கறப்ப, அந்தக் கம்பியோட வர்றவர் ஒருத்தர். கடைசியா கைப்பிடி. அதுக்கு வேற ஒருத்தர் உலையிலேர்ந்து சுடச்சுட ஒரு துளி கண்ணாடி எடுத்து வருவார். நான் கூஜாவைச் சுத்திக்கிட்டே இருக்க, அவர் அந்தத் துளியைச் சரியான இடத்துல இறக்கணும், நான் கத்தரியால வெட்டி வளைச்சு ஒட்டணும். மொத்தமே சில நொடி. எத்தனை கெட்டிக்காரியா இருந்தாலும் ஒருத்தியா இதை எப்படிச் செய்ய?

பேச்சும் அதிகம் கிடையாது. "ப்ளோ", "ஸ்டாப்", "டோர்", "ஷீல்ட்". ஷீல்ட்னு சொன்னா, என் கைக்கும் அந்தச் சூட்டுக்கும் நடுவுல ஒருத்தர் மரப்பலகையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். பழகினவங்ககிட்ட அந்த வார்த்தையைச் சொல்லவே வேண்டாம், நம்ம தோள் லேசாச் சுருங்கினதும் பலகை வந்து நிக்கும். எங்க நர்ஸ் அப்படித்தான். ராத்திரி முழுக்கக் கண் விழிச்சுட்டு வந்து, எனக்காக அரை மணி நேரம் பலகை பிடிப்பாங்க.

கராஜ்கைவினை
திங்கள், மதியம் 1.05

கைப்பிடி விஷயம் புரிஞ்சுது சகோதரி. நான் செய்றது ரெண்டு கைக்குள்ள அடங்கற வேலை. வாபஸ் வாங்கிக்கறேன்.

கணக்குப்பிள்ளை
திங்கள், மாலை 5.45

எல்லாரும் உருகிப் பேசறீங்க, ஒருத்தராவது கணக்குக் கேக்கணும். ராத்திரியெல்லாம் யாரும் இல்லாத கட்டடத்துல எரிவாயு எரியுது. இருபத்து மூணு பேரோட ஆசைக்கு இத்தனை கரியமிலவாயு நியாயமா? இது என் முதல் கேள்வி.

ரெண்டாவது, அக்கம்பக்கத்து ஜனங்க. போர்ட்லண்டுல நடந்தது ஞாபகம் இருக்கா? மரத்துல படர்ற பாசியை வனத்துறை ஆய்வாளர்கள் சோதிச்சு, ஒரு வண்ணக் கண்ணாடி ஆலையைச் சுத்திக் காட்மியம்ங்கற நச்சு உலோகம் ஏறியிருக்குன்னு 2016ல வெளியே வந்தது. குழந்தைங்க இருக்கற வீடுங்க எல்லாம் பதறிப்போச்சு. உங்க உலையில என்ன உருக்கறீங்க?

மூணாவது, உங்க பட்டறை சியாட்டில் ஊர் எல்லைக்குள்ள இருக்குன்னா மின்சாரம் மாநகராட்சிக்குச் சொந்தமான சியாட்டில் சிட்டி லைட்லேர்ந்து வரும். அதுல பெரும்பங்கு அணைக்கட்டுல எடுக்கற நீர்மின்சாரம். மின்சார உலைக்கு மாறறதைப் பத்தி யாராவது யோசிச்சீங்களா? கடிதத்துல இருக்கற மூணு வழியிலயும் அது இல்லையே.

பழையமாணவன்
திங்கள், இரவு 8.10

கணக்குப்பிள்ளை கேட்டவை மூன்றும் கேட்க வேண்டியவையே.

வண்ணம் பற்றி: இங்கே சின்னப் பட்டறைகள் பெரும்பாலும் உலையில் தெளிந்த கண்ணாடியை மட்டுமே உருக்குகின்றன. வண்ணத்தைக் கட்டியாகவோ நொறுக்காகவோ தயார்நிலையில் வாங்குகிறோம். ஜெர்மனியின் கூக்ளர், ரைஷன்பாக் நிறுவனங்களிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருகிறது. நீலத்துக்குக் கோபால்ட், ஆழ்ந்த சிவப்புக்குத் தங்கம் என்று மூலப்பொருளைக் கலந்து உருக்கும் வேலை அந்த ஆலைகளில் முடிந்துவிடுகிறது. பட்டறையில் அதைச் சூடாக்கி மேலே பூசுகிறோம். ஆபத்து இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நொறுக்கின் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது, சிலிக்கா என்ற மணல் தூசியையும்.

மின்சார உலை நல்ல யோசனை. நான் வேலை செய்த கடைசிப் பட்டறையில் இருந்தது. சத்தமே இருக்காது, அதுவே பெரிய நிம்மதி. எரிவாயு உலையின் இரைச்சலில் இரண்டு அடி தள்ளி நிற்பவர் பேசுவது கேட்காது. மறுசூட்டு அடுப்பு மட்டும் எரிவாயுவிலேயே இருந்தது. அதைக் காலையில் பற்றவைத்து, வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம், உள்ளே மூசை இல்லையே.

பட்டறைகள் எங்கோ எடுக்கப்படும் ஒரு முடிவால் ஆட்டம் காண்பதையும் பார்த்திருக்கிறேன். சியாட்டிலுக்கு அருகே வுடின்வில்லில் 1976இல் தொடங்கிய ஸ்பெக்ட்ரம் கண்ணாடி ஆலை 2016இல் மூடப்பட்டது. சின்ன உலைகளுக்கென்று அவர்கள் கொடுத்த கண்ணாடிக் கட்டிகளை நம்பியிருந்தவர்கள் வேறு கண்ணாடி தேடி அலைந்தார்கள். கண்ணாடி மாறினால் சூட்டில் விரியும் அளவும் மாறும். பழைய வண்ணம் பொருந்தாமல், ஆறும்போது பிளந்துவிடும். அப்போதும் தாக்குப்பிடித்தவை, ஒருவர் வாங்கியதை நாலு பேர் பகிர்ந்துகொண்ட பட்டறைகள்தான்.

டகோமா அப்பா
செவ்வாய், காலை 7.30

எங்க ஊரைச் சொல்லாம இந்தப் பேச்சு முடியக் கூடாது. டகோமாவுல 2002ல திறந்த கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கு. 90 அடி உயரத்துக்கு ஒரு பக்கமா சாஞ்ச எஃகுக் கூம்பு, அதுக்குள்ளதான் பட்டறை. சுத்தி வட்டமா உட்கார்ந்து பார்க்கலாம். குழந்தைங்க வரைஞ்சு கொடுக்கற படத்துலேர்ந்து ஒண்ணை எடுத்து, அங்கே இருக்கற குழு அப்படியே கண்ணாடியில செய்யும். என் பொண்ணு மூணு கொம்பு வச்ச யானை வரைஞ்சு போட்டா. தேர்வாகலை. ஆனா வேற ஒரு பையனோட படம் உருவாகறதை ரெண்டு மணி நேரம் அசையாம பார்த்தா. அதுக்கும் ஒரு கொம்பு ஒட்டறப்ப ஒருத்தர் முன்னாடி வளைஞ்சு நிக்க, இன்னொருத்தர் மேலேர்ந்து கண்ணாடியை ஊத்த, கூட்டமே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது. வீட்டுக்கு வந்து அவ கேட்டது, "அப்பா, அந்தக் கதவைத் திறந்து மூடற வேலை எனக்குக் கிடைக்குமா?"

1994லேர்ந்து இங்கே ஹில்டாப் ஆர்டிஸ்ட்ஸ்னு ஒரு அமைப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு இலவசமா கண்ணாடி ஊதக் கத்துத் தருது. பள்ளிக்கூடத்துக்குள்ளயே பட்டறை. காலேஜ் பசங்க விலகிடுவாங்கன்னு ரென்டன்வாசி சொன்னதைப் படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பிள்ளைங்க வராத பட்டறை அந்தத் தலைமுறையோட முடிஞ்சுபோகும். அவங்க பங்கை ஏத்தாதீங்க.

பழையமாணவன்
செவ்வாய், இரவு 9.00

டகோமா அப்பா சொன்னதைப் படித்ததும் ஒன்று எழுதத் தோன்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1962இல் ஓஹையோ மாநிலத்து டொலிடோ அருங்காட்சியகத்தில் மட்பாண்டக் கலைஞர் ஹார்வி லிட்டில்டன் ஒரு சின்ன உலையை வைத்துப் பயிற்சி நடத்தினார். அதுவரை கண்ணாடி என்றால் தொழிற்சாலை. ஒரு கலைஞர் தன் கையாலேயே, தன் இடத்திலேயே உருக்கி ஊத முடியும் என்று காட்டுவதுதான் நோக்கம். முதலில் கலந்த கலவை ஊதுவதற்குச் சரிப்படவில்லை. கண்ணாடி ஆய்வாளர் டொமினிக் லபினோ, கண்ணாடியிழை செய்ய வைத்திருந்த கோலிகளைக் கொடுத்து அவற்றை உருக்கச் சொன்ன பிறகே வேலை நடந்தது. அமெரிக்காவில் இன்று நாம் காணும் சின்னப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் வேர் அதுதான்.

லிட்டில்டனிடம் படித்தவர், டகோமாவில் பிறந்த டேல் சிஹூலி. அவர் 1968இல் வெனிஸ் போய், மூரானோ தீவின் வெனினி பட்டறையில் குழுவாக வேலை செய்வதைப் பார்த்தார். தலைமைக் கை ஒருவர், சுற்றி உதவிக் கைகள். திரும்பி வந்து 1971இல், ஹௌபர்க் தம்பதியின் ஆதரவில், சியாட்டிலுக்கு வடக்கே காட்டுக்குள் பில்சக் பள்ளியைத் தொடங்கினார். முதல் கோடையில் மழையில் கூடாரம் போட்டுத் தங்கி, உலையைத் தாங்களே கட்டினார்கள். 1976இல் விபத்தில் அவருக்கு ஒரு கண் போனது. பின்னால் தோளும் விலகியது. குழலைப் பிறர் கையில் கொடுத்தார். வேலை நிற்கவில்லை, பெருகியது.

1979இல் மூரானோவிலிருந்து லினோ தால்யபியெத்ரா பில்சக்குக்குக் கற்றுக்கொடுக்க வந்தார். 1291இல் வெனிஸ் அரசு உலைகளையெல்லாம் மூரானோவுக்கு மாற்றியது, தொழில் தெரிந்தவர் வெளியேறுவதைத் தடுத்தது என்பதை நினைத்தால், அவர் வந்து எல்லாருக்கும் முன்னால் செய்துகாட்டியது எத்தனை பெரிய காரியம் என்று தெரியும்.

தனியாகச் செய்ய முடியும் என்று காட்டப் பிறந்த பட்டறை, பத்தே ஆண்டுகளில் கூட்டு வேலைக்குத் திரும்பிவிட்டது. கண்ணாடியின் குணம் அது. ஆகவே அம்மா, மூன்றாவது வழியில் "சின்ன உலை" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், "ஆட்களைக் குறைப்பது" என்பதை விட்டுவிடுங்கள்.

புதுவைமணி
புதன், காலை 5.10

புதுச்சேரியிலேர்ந்து எழுதறேன், உங்களுக்கு இப்ப விடிகாலையா இருக்கும். எங்க வீட்டுலேர்ந்து அரிக்கமேடு பக்கம். 1945ல தொல்லியல் ஆய்வாளர் வீலர் தோண்டின இடம். மழை பெஞ்ச மறுநாள் ஆத்தோரமா போனா, கடுகு அளவுக்குச் சிவப்பும் பச்சையுமா கண்ணாடி மணி மண்ணுல மின்னும். சின்ன வயசுல பொறுக்கி இருக்கோம், இப்ப அது பாதுகாக்கப்பட்ட இடம், எடுக்கக் கூடாது. தென்கிழக்கு ஆசியா பூரா இந்த வகை மணி கிடைக்குது.

அதைச் செஞ்ச முறையும் ஒத்தை ஆள் வேலை கிடையாது. உருகின கண்ணாடியைப் பெரிய கூம்பாத் திரட்டி, நடுவுல ஓட்டை விழற மாதிரி இரும்புக் கம்பியில வச்சு, மெல்லிசுக் குழாயா நீளமா இழுக்கணும். ஒருத்தர் கம்பியைச் சுத்திக்கிட்டே இருக்க, இன்னொருத்தர் இழுத்துக்கிட்டே போகணும். அப்புறம் குழாயைத் துண்டு துண்டா வெட்டி, சூடு காட்டி ஓரத்தை மழுக்கணும். திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில இந்தக் கைமுறை ரொம்ப காலம் ஓடிக்கிட்டு இருந்தது. ஒரே உலையைச் சுத்திப் பல பேர். உங்க பெஞ்சைப் பத்திப் படிச்சப்ப அதான் கண்ணு முன்னாடி வந்தது.

முதல்முறை
புதன், காலை 8.00

அக்கா, என் கதையும் ஒண்ணு. போன வருஷம் வேற ஒரு இடத்துல ஒரு நாள் வகுப்புக்குப் பணம் கட்டிப் போனேன். எடுத்துக் கொடுத்தாங்க, சுத்தினேன், ஊதினேன், இருபது நிமிஷத்துல வெளியே அனுப்பிட்டாங்க. அடுத்து யார் என்ன செய்றாங்கன்னு நின்னு பார்க்கக்கூட விடலை. மறுநாள் கொடுத்த டம்ளர் வீட்டு மேஜைமேல, யாரும் தொடாமலே, ராத்திரி டப்புனு ரெண்டா பிளந்துபோச்சு. அதோட இந்த ஆசையே போயிடுச்சுன்னு நினைச்சேன். உங்க பட்டறையைப் பத்திப் படிச்சதும் திரும்ப வந்திருக்கு.

ரென்டன்வாசி
புதன், இரவு 10.20

முதல்முறை, அது உங்க தப்பு இல்லை. சரியா ஆறாத கண்ணாடி அப்படித்தான் வெடிக்கும். வெளிப்பக்கம் முதல்ல இறுகி, உள்பக்கம் பின்னாடி சுருங்கினா, அந்த இழுப்பு உள்ளயே தங்கிடும். அதுக்குத்தான் 480 டிகிரி செல்சியஸ் பக்கத்துல அனீலர் பெட்டியில வச்சு, ராத்திரி பூரா மெதுவா இறக்கறது. சனிக்கிழமை செஞ்சதை ஞாயித்துக்கிழமைதான் கையில எடுக்கலாம்.

என் முதல் பெரிய ஜாடி போனதும் இப்படி ஒரு இடத்துலதான். கம்பியிலேர்ந்து தட்டிப் பிரிக்கறப்ப, கையுறை போட்டு வாங்க வேண்டிய பையன் அரை அடி தள்ளி நின்னுட்டான். சிமென்ட் தரையில சிதறிப்போச்சு. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசலை. அந்த வியட்நாம் அம்மா துடைப்பம் எடுத்து வந்தாங்க. பையன் அழுதுட்டான். நான் அவனைத்தான் அடுத்த ஜாடியையும் வாங்கச் சொன்னேன். அந்த ஜாடிதான் இப்ப எங்க வீட்டு பூஜை அறையில இருக்கு.

இன்னொண்ணு சொல்லணும். உருண்டையை உருவத்துக்குக் கொண்டுவர, நனைச்ச நியூஸ்பேப்பரை மடிச்சு உள்ளங்கையில வச்சு, அதுமேலயே சுத்துவோம். கைக்கும் நெருப்புக்கும் நடுவுல அந்த ஈரப் பேப்பர் மட்டும்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அம்மா ஊர்லேர்ந்து முறுக்கு டப்பாவைச் சுத்திக் கொண்டுவந்த தமிழ்ப் பேப்பரை எடுத்துப்போனேன். மேலே இருக்கற தாள் கருகக் கருக, அடுத்த தாள்ல எழுத்து தெரியுது. புகையில அந்தப் பேப்பர் வாசனை. என்ன எழுதியிருக்குன்னு எல்லாரும் கேட்டாங்க. வரன் தேவை விளம்பரம். படிச்சு அர்த்தம் சொன்னேன். அதுலேர்ந்து யார் ஊருக்குப் போனாலும் அவங்க மொழிப் பேப்பர் ஒரு கட்டு கொண்டுவர்றது வழக்கமாயிடுச்சு.

கணக்குப்பிள்ளை சார், உங்க மின்சார உலை யோசனையைப் பட்டறை நடத்துறவருக்கு எழுதிட்டேன். விலை விசாரிச்சுக்கிட்டு இருக்கார்.

கணக்குப்பிள்ளை
புதன், இரவு 11.00

நல்லது. ஒண்ணு மட்டும் மறக்காம கேளுங்க. கட்டடத்துக்கு வர்ற மின்சார இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமான்னு. அதை முதல்லயே பார்க்காம உலையை வாங்கிட்டா, இணைப்பை மாத்தற செலவுல திணறிப்போவீங்க.

ரென்டன்வாசி
ஞாயிறு, காலை 11.15

நேத்து கூட்டம் முடிஞ்சுது. உங்க எல்லாருக்கும் சொல்லணும்னு காலையிலயே உட்கார்ந்துட்டேன்.

இந்தக் குளிர்காலம் உலை எரியும். வர்ற ஆகஸ்ட்ல அணைச்சு, மின்சார உலைக்கு மாறறோம், மூசை இப்ப இருக்கறதுல பாதி அளவு. இணைப்பு தாங்கும்னு மின்வேலைக்காரர் வந்து பார்த்துச் சொல்லிட்டார். முடிஞ்சவங்க ஒரு வருஷப் பங்கை முன்னாடியே கட்டறோம், காலேஜ் பசங்களுக்கும் புதுசா வர்றவங்களுக்கும் பழைய தொகைதான். மூசை சின்னதானா கண்ணாடி குறைச்சலா இருக்கும், பெஞ்ச் நேரமும் குறையும். அதுக்குப் பழையமாணவன் ஐயா சொன்னதை அப்படியே சொன்னேன்: ஆட்களைக் குறைக்க வேண்டாம். இனிமே ஒருத்தர் பேர்ல நேரம் எழுதறது கிடையாது, நாலு நாலு பேராத்தான் எழுதணும். ரெண்டு பேர் முகம் சுளிச்சாங்க, அவங்களுக்குத் தனியா ஒரு உதவியாளை வச்சு வேலை செஞ்சு பழக்கம். நர்ஸ் அவங்க பக்கத்துல போய் உட்கார்ந்து, "உங்க நாலுல நான் ஒருத்தி"ன்னு சொன்னதும் கை தூக்கிட்டாங்க.

முதல்முறை
ஞாயிறு, காலை 11.40

அக்கா, உங்க நாலுல இடம் இருக்கா?

ரென்டன்வாசி
ஞாயிறு, காலை 11.52

இருக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க. முழுக்கை பருத்திச் சட்டை, ஜீன்ஸ், மூடின ஷூ. நைலான், பாலியெஸ்டர் எதுவும் வேண்டாம், சூட்டுல உருகித் தோல்ல ஒட்டிக்கும். முதல் நாள் கதவு உங்க பொறுப்பு. டகோமா அப்பா, உங்க பொண்ணுக்குப் பதினாலு வயசானா அவளையும் கூட்டிக்கிட்டு வாங்க, எங்க பட்டறையில அதுதான் வயசு.

ஆகஸ்ட்ல உலை ஆறினதும் பழைய மூசையைச் சுத்தியலால உடைச்சு வெளியே எடுக்கணும். ரெண்டு நாள் வேலை. தூசிக்கு நல்ல முகமூடி நாங்க தர்றோம். பக்கத்துல இருக்கறவங்க வர முடிஞ்சா இங்கேயே எழுதுங்க, மதியச் சாப்பாடு வியட்நாம் அம்மா கடையிலேர்ந்து.